ஜெனரல் துரையின் பிரியம்

பிஸ்கட்டை என் பிள்ளை கையில் கொடுத்தீர்களே, அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன் அக்கா. இல்லாவிட்டால் நான் வாய் திறக்கிறவளே இல்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் சன்னல் பக்கம் திரும்பியே ஊர் வந்து சேருவேன். எனக்குக் கூச்சம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பி நிறுத்தினால் தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும். அதனாலேயே நாலாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

பாதையில் விழுந்த மரத்தை வெட்டி எடுக்க நேரமாகும் என்கிறார் கண்டக்டர். மழைக்காலம் வந்தால் இந்த மலைப்பாதையில் இதுதான். பாருங்கள், உங்கள் மடிக்கே வந்துவிட்டான். மயில்சாமி என்று பெயர். அவன் சுலபத்தில் யாரிடமும் போகமாட்டான் அக்கா. போகிற மாதிரி கை நீட்டினவர்களும் குறைவுதான்.

அவன் வயிற்றில் இருக்கும்போதே அவன் அப்பா போய்விட்டார். குன்னூரில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். மழையில் நனைந்து சளி கட்டி, அதுவே காய்ச்சலாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது வழியிலேயே முடிந்துவிட்டது. காரமடையில் அவர் அண்ணன் வீடு இருக்கிறது. கருமாதிக்குப் போனேன். அண்ணன் சம்சாரம் எல்லார் முன்னாலும் என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்: "உள்ள இருக்கும்போதே அப்பனை முழுங்கிட்டான். வெளிய வந்தா யாரை முழுங்குவானோ?" இவன் பிறந்த பிறகு பார்க்க வந்தவளும் தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தே பேசிவிட்டுப் போனாள். பெற்றவள் நான், கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அதனால் எனக்கு ஒரே ஆசைதான் அக்கா. பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருந்த அந்த ஒற்றை அறை. தகரக் கூரை, ஒரு சன்னல், ஒரு அடுப்பு. அது இருந்தால் போதும். அது போனால் காரமடை. காரமடை என்றால் அவள். தினமும் காலையில் இவன் முகத்தைப் பார்த்து அவள் காறித் துப்புவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

துரைசாணி அம்மா என்னைப் போகச் சொல்லவில்லை. துணி துவைக்க, துரையின் படுக்கை மாற்ற, சன்னல் துடைக்க என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல மனுஷி. கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான்.

துரை யார் தெரியுமா? ஜெனரல். விட்கோம் துரை என்றால் குன்னூரில் எல்லாருக்கும் தெரியும். பட்டாளத்தில் அவருக்கு மேலே சில பேர்தானாம், அந்தச் சில பேருக்கும் மேலே ராஜாவாம். பட்லர் தேவசகாயம் ஐயா அப்படித்தான் சொல்வார். அவர் மீசை முளைக்காத வயசிலிருந்து துரையோடு இருந்தவர். துரை போன சண்டைக்கெல்லாம் கூடப் போய் டீ போட்டுக் கொடுத்தவர். வெள்ளைக்காரர்கள் எல்லாம் கப்பல் ஏறின பிறகும் எங்கள் துரை போகவில்லை. துரைசாணிக்கு இந்தக் குளிரும் ரோஜாச் செடியும் பிடித்துப் போய்விட்டது.

நான் பார்க்கும்போது துரைக்கு வாதத்தில் ஒரு கால் இழுத்துவிட்டிருந்தது. தடியை ஊன்றி நடப்பார். கால் போனால் பரவாயில்லை, நினைப்பும் போய்விட்டது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்து கை துடைத்துவிட்டு, "இன்னும் சாப்பாடு வரலையா?" என்பார். நாய் செத்துப் பல வருஷம், அதற்கு ரொட்டி ஒதுக்கி வைப்பார். ஆனால் யாரையும் திட்டமாட்டார். சன்னல் ஓரத்தில் நாற்காலி. அதில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆடி மாதம் மழை பிடித்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. இங்கிலாந்திலிருந்து துரையின் தம்பி மகன் வருகிறார். சின்னத்துரை. ஜெனரல் துரையின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடப் போகிறாராம், பெரியப்பாவின் வாயாலேயே கேட்டு எழுதவேண்டுமாம்.

பட்லர் ஐயா சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "புத்தகம் ஒரு சாக்கு, அம்மணி. பெரியவருக்குப் புத்தி இருக்கா போச்சான்னு பாக்கத்தான் வர்றான். போச்சுன்னு வை, வீட்டை வித்துட்டு ரெண்டு பேரையும் கப்பல் ஏத்திருவான். பெரியவர் பணம், சொத்து எல்லாம் அவன் கையிலதான் இருக்கு."

"அப்ப நானுங்க?"

"நீயும்தான். நானும்தான். வீட்டை வாங்கறவன் நம்மளையும் சேத்தா வாங்குவான்?"

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

துரைசாணிக்கும் இறங்கவில்லை. அவர்களுக்கு ஊருக்குப் போக இஷ்டமே இல்லை. "அங்கே ஒரு ரூம். குளிர். பாத்திரம் நான் கழுவணும். நான்!" என்று கையை விரித்துக் காட்டினார்கள். நிஜமாகவே அழகான கை அக்கா. ஒரு நகம் உடைந்து நான் பார்த்ததில்லை.

அதனால் துரைக்குப் பாடம் ஆரம்பித்தது.

தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில்தான். துரைசாணி கையில் பின்னல் ஊசி. கம்பளி பின்னுகிற நீளமான இரும்பு ஊசி இருக்கிறதே, அது. கேள்வி எல்லாம் இங்கிலீஷ். எங்கே பிறந்தாய், எந்தப் பள்ளிக்கூடம், எப்போது பட்டாளத்தில் சேர்ந்தாய், எந்த ரெஜிமெண்ட், முதல் சண்டை எது. சரியாகச் சொன்னால் முட்டை. தப்பாகச் சொன்னால் ஊசி, விரல் முட்டியில். ரெண்டு மூன்று தப்பு போனால் தட்டையே எடுத்துவிடுவார்கள். நான் சன்னல் துடைத்துக்கொண்டே கேட்பேன். புரியாவிட்டால் பட்லர் ஐயாவைக் கேட்பேன். கேட்டுக் கேட்டு துரையின் வாழ்க்கை எனக்கே பாடமாகிவிட்டது.

எட்டு வயசில் தாயிடமிருந்து பிரித்து எங்கேயோ தூரத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டார்கள். அங்கே அடி. தாய் செத்த சேதியே லீவுக்கு வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்ததாம். மீசை அரும்புகிற வயசில் இடுப்பில் கத்தி கட்டிக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு சண்டை. அப்புறம் நம் தேசத்திலேயே வடக்கே, வெறும் கல்லும் மலையுமாக இருக்கிற நாட்டில் ஒரு சண்டை. பிறகு பிரான்ஸில் சேற்றுக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்தார், ரெண்டு விரல் அங்கேதான் போனது. அதற்குப் பிறகு படிப்படியாக மேலே போய்விட்டார். மேலே போகப் போக சண்டைக்குப் பக்கத்தில் போகவேண்டியதில்லையாம். மேப்பை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டால் போதும், கோடு போகிற பக்கம் ஆட்கள் போவார்களாம். "அப்படியும் ஒரு உத்தியோகமுங்களா?" என்றேன். "அதுல ஒருத்தனும் திரும்பி வந்து துரையைத் திட்டுனதில்ல, அம்மணி. அதான் அந்த உத்தியோகத்துல விசேஷம்" என்றார் பட்லர் ஐயா.

ஆனால் துரைக்கு ஒன்றும் வரவில்லை. "உன் முதல் கமாண்டர் பெயர் என்ன?" என்றால், கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்து, "டாஃபி" என்பார். டாஃபி செத்துப்போன நாய். பட்லர் ஐயா சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்குவார். துரைசாணிக்குச் சிரிப்பு வராது. ஊசிதான். துரை கையை மறைத்துக்கொள்ளக்கூட மாட்டார். நீட்டிக்கொண்டே இருப்பார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. நான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைப்பேன். அவர் தப்புச் சொன்னால் என் அறையும் போகிறதே.

அப்போதுதான் என் பிள்ளைக்கு ஒரு நல்ல காலம் வந்தது அக்கா.

ஒரு நாள் சாரல் பலமாக அடித்தது. சாப்பாட்டு அறை சன்னல் திறந்து கிடக்கிறது என்று ஞாபகம் வந்து, இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவன் அப்பாவின் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓடினேன். வராந்தாக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றேன். துரை கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். துரைசாணி ஊசியோடு நின்றார்கள். துரை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

என்ன சொல்வேன். கையில் இருந்த ஸ்பூன் விழுந்தது. தடி இல்லாமல் எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய ஜெனரல், இவனைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றார்! அப்புறம் உட்கார்ந்து கஞ்சி முழுவதையும் மடமடவென்று குடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாயில் கஞ்சி போகிறது. என் பிள்ளை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பிறந்த நாளிலிருந்து ஒருத்தர்கூட நல்ல கண்ணால் பார்க்காத பிள்ளை அக்கா இவன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துரைசாணி என்னைப் பார்த்தார்கள். துரையைப் பார்த்தார்கள். மறுபடி என்னை, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். பிறகு பட்லர் ஐயாவைக் கூப்பிட்டு என்னவோ கேட்டார்கள். அவர் மேசைத் துண்டை மடிக்க ஆரம்பித்தார். திரும்பவும் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார்.

மறுநாள் எனக்கு ஒரு சால்வை கிடைத்தது. கறுப்பு. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். துரைசாணி தன் கையாலேயே எனக்குப் போர்த்திவிட்டார்கள். தலையை மூடி, நெற்றி தெரியாமல் இழுத்து, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, பிள்ளையை இடது பக்கம் உள்ளே வைத்து, அவன் முகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. சரியாக வரும்வரை நாலைந்து தடவை கழற்றிக் கழற்றிப் போட்டார்கள். என் அம்மாகூட எனக்கு இப்படித் தலை சீவிவிட்டதில்லை. "பாப்பாவுக்குக் குளிர்" என்றார்கள் தமிழில். கும்பிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு வேலையாகிவிட்டது. துரை பதில் சொல்லாவிட்டால், சாப்பிடாவிட்டால், மருந்து குடிக்காவிட்டால் துரைசாணி சின்ன மணியை அடிப்பார்கள். நான் சால்வையைப் போட்டுக்கொண்டு போய் வாசற்படியில் நிற்பேன். "பாப்பா காட்டு" என்பார்கள். காட்டுவேன். அவ்வளவுதான், துரைக்கு நாக்கு திருந்திவிடும். ரெஜிமெண்ட், கமாண்டர், ஊர் பேர் எல்லாம் கடகடவென்று வரும். ஊசியால் வராதது என் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் வந்துவிடும். ஊசி பின்னல் கூடைக்கே போய்விட்டது. துரையின் விரல் முட்டிகள் ஆறிவிட்டன. நானே பார்த்தேன்.

சில நாள் எங்களைப் பார்த்ததும் கால்சட்டையிலேயே ஈரமாகிவிடும். வயசானவர், பாவம். சந்தோஷத்தில் அப்படி ஆகும் அக்கா. இவனும் வேகமாகச் சிரித்தால் பெய்துவிடுவான். அதை நான்தான் துவைப்பேன், அதனால் முகம் சுளித்ததில்லை.

ஒரு நாள் மட்டும் ஏமாற்றம். வெயில் அடித்தது. பெரியவர் இவ்வளவு பிரியமாக இருக்கிறாரே, பிள்ளையை நன்றாகக் காட்டுவோம் என்று இவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் மை வைத்து, நானும் தலைவாரி, சால்வை இல்லாமல் போனேன். துரைக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. பேசாமல் சிரித்தார். இவன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துக் கன்னத்தைக் கிள்ளினார். ஏதோ பாட்டு மாதிரி முணுமுணுத்தார். அழவில்லை, எழுந்து நிற்கவில்லை. யாரோ ஒரு கிழவர் யாரோ ஒரு குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி, அவ்வளவுதான். கேள்விக்குப் பதிலும் வரவில்லை. துரைசாணிக்குக் கோபம் வந்துவிட்டது. "சால்வை எங்கே? போ, போடு!" என்றார்கள். போட்டுக்கொண்டு வந்தேன். உடனே பழைய பிரியம் திரும்பிவிட்டது.

பட்லர் ஐயாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. சின்னத்துரை வருவதற்கு முதல் நாள் என் அறைக்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டு தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"அம்மணி, நாளைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிரு. மணி அடிச்சாலும் வராதே."

"ஏனுங்க?"

"சொன்னாக் கேளு."

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்களே. நல்லாத்தானுங்க இருக்கான்."

"பெரியவர் தூங்கி நாளாச்சு, புள்ள. கட்டில் ஓரத்துல உக்காந்து கதவையே பாத்துட்டு இருக்காரு. நான்தான் கூட இருக்கேன், எனக்குத் தெரியும்."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வயிற்றெரிச்சல். ஆயுசு முழுவதும் கூட இருந்து ஷூ துடைத்தவர் இவர். இவர் அறைக்குள் வந்தால் துரை திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நேற்று வந்த என் பிள்ளைக்கு எழுந்து நிற்கிறார். யாருக்குத்தான் பொறுக்கும்? இவனைப் பார்க்கத்தான் ராத்திரியெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பிப் போய்விட்டார்.

மறுநாள் சின்னத்துரை வந்தார். சிவப்பாக, உயரமாக, எதைத் தொட்டாலும் பிறகு கையைத் துடைத்துக்கொள்கிற ஆள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பெரிய ஹாலில் உட்கார்ந்தார்கள். துரைக்கு யூனிஃபாரம் போட்டிருந்தது. நெஞ்சு நிறைய மெடல். நான் வராந்தாவில் கதவுக்குப் பின்னால் சால்வையோடு தயாராக நின்றேன். பட்லர் ஐயா காப்பித் தட்டோடு போகும்போது என்னைப் பார்த்துவிட்டார். முகம் கறுத்துவிட்டது.

சின்னத்துரை கேட்டார், துரை சொன்னார். பிறந்த ஊர், சரி. பள்ளிக்கூடம், சரி. ரெஜிமெண்ட், ஆப்பிரிக்கா, எல்லாம் சரி. சின்னத்துரை தலையாட்டித் தலையாட்டி எழுதினார். துரைசாணியின் முகத்தில் பூ பூத்தது. எனக்குள்ளேயும்தான். மனசுக்குள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், இன்னும் ரெண்டு கேள்வி தாயே, இன்னும் ரெண்டே கேள்வி என்று.

அப்புறம் சின்னத்துரை ஒரு மெடலைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். அந்த வடக்கு மலைநாட்டுச் சண்டை. அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான மெடலாம்.

துரை குனிந்து அந்த மெடலையே பார்த்தார்.

திரும்பக் கேட்டார். துரை வாயைத் திறந்தார், மூடினார். சின்னத்துரை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு துரைசாணியைப் பார்த்தார். மணி அடித்தது. நான் போய் வாசற்படியில் நின்றேன். பாப்பாவைக் காட்டினேன்.

துரை பார்த்தார். ஆனாலும் வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் துடித்தது. அறை போச்சு, காரமடைதான், அவள்தான் என்று கண்முன்னால் தெரிகிறது. அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இவ்வளவு நாளும் தூரத்தில் நின்றே காட்டியிருக்கிறோம். ஒரு நாளாவது அவர் ஆசை தீர மடியில் கொடுத்தோமா? அவ்வளவு ஏக்கத்தோடு பார்க்கிற மனுஷர்!

அந்த ஹாலில் விரிப்பு இருக்கும். சிவப்பு. அதை மிதித்தது கிடையாது நான். ஓரமாகவே சுற்றிப் போவேன். யாரிடமும் பேசக் கூசுகிறவள் அக்கா நான். அன்றைக்கு அத்தனை வெள்ளைக்காரர் நடுவில் நேராக விரிப்பு மேலேயே நடந்து போய், இவனைத் தூக்கி ஜெனரல் துரையின் மடியில் உட்கார வைத்துவிட்டேன்.

இவன் கெட்டிக்காரன், உடனே அந்த மெடலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

துரை இவனைத் தொடவில்லை. ரெண்டு கையையும் மேலே தூக்கினார். பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணத் தூக்குவார்களே, அப்படித்தான் நான் நினைத்தேன். ஆனால் இறக்கவே இல்லை. தூக்கினபடியே பேச ஆரம்பித்தார். இங்கிலீஷ் இல்லை, இந்துஸ்தானி இல்லை, ஏதோ பாஷை. ஒரே பேச்சுத்தான், திரும்பத் திரும்ப. குரலும் அவர் குரல் இல்லை. மெல்லிசாக, பெண்பிள்ளை குரல் மாதிரி. பட்லர் ஐயா கையில் இருந்த தட்டு சாய்ந்து காப்பி எல்லாம் அவர் செருப்பில் ஊற்றியது. அவர் கவனிக்கவே இல்லை.

அப்படியே துரை நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் பிள்ளையைப் பிடித்துவிட்டேன். அவர் சரிந்து, மெடல் எல்லாம் கலகலவென்று தரையில் பட, என் காலில் விழுந்தார் அக்கா. நெற்றி என் காலில்.

எனக்கு உயிரே போய்விட்டது. வயசில் பெரியவர் நம் காலில் விழலாமா? நம் ஆயுசு குறைந்துபோகாதா? அதுவும் கையில் பிள்ளையை வைத்திருக்கிறேன், அந்தத் தோஷம் அவனுக்கும் வருமே. உடனே நானும் தரையில் விழுந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் என் காலை விடவில்லை. நான் விழ, அவர் மறுபடி விழ, ரெண்டு பேரும் அந்தச் சிவப்பு விரிப்பில் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தோம். இவன் ஒருத்தன்தான் கைகொட்டிச் சிரித்தான்.

சின்னத்துரை எழுந்து நின்றுவிட்டார். பட்லர் ஐயாவிடம் ஏதோ கத்திக் கேட்டார். பட்லர் ஐயா இங்கிலீஷில் ரெண்டே வார்த்தை சொன்னார். சின்னத்துரை சன்னல் பக்கம் போய்ச் சிகரெட் பற்ற வைத்தார். என்னைப் பிடித்து வெளியே தள்ளினது துரைசாணிதான். அந்த அழகான கையாலேயே.

சாயங்காலம் சமையல்கட்டில் பட்லர் ஐயா தட்டுத் துடைத்துக்கொண்டு இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"துரை என்ன சொன்னாருங்க?"

"என்னைச் சுடு. புள்ளைய விட்டுரு."

"ஐயோ, அப்படி ஏனுங்க சொன்னாரு?"

"அவரு சொன்னது இல்ல. ஒரு பொம்பளை சொன்னது. உன் வயசுதான் இருக்கும். மலை மேல ஒரு ஊரு எரிஞ்சிட்டு இருந்துச்சு. அந்தப் புகைக்குள்ள இருந்து புள்ளையோட வெளிய வந்து இவரு முன்னால நின்னா. கறுப்புப் போர்வை."

"அப்புறம்?"

அவர் அந்தத் தட்டை வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

"அப்புறம் என்ன அம்மணி. துரைக்கு மெடல் வந்துச்சு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது அக்கா. எரிகிற ஊர். அதற்குள் போய் ஒரு தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியிருக்கிறார். யூனிஃபாரத்தைப் பார்த்து அவள் பாவம் பயந்துபோய் என்னென்னவோ கத்தியிருக்கிறாள். அதற்குத்தான் அந்தப் பெரிய மெடல். மனுஷர் எல்லாம் மறந்தும் அந்தப் பிள்ளையை மறக்கவில்லை. இவனைப் பார்த்தால் அவனைப் பார்க்கிற மாதிரி இருந்திருக்கிறது. "நல்ல மனுஷருங்க ஐயா அவர்" என்றேன். பட்லர் ஐயா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் கையில் இருந்த தட்டைத் தரையில் போட்டு உடைத்தார். கை தவறி விழவில்லை அக்கா. வேண்டுமென்றே போட்டார். வயசானால் அவருக்கும் இப்படித்தான் வருமோ என்னவோ.

இத்தனைக்கும் வீடு விற்கிறது நின்றுவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை. தேதி, ரெஜிமெண்ட் எல்லாம் சரியாகச் சொல்கிறாரே, கிழவருக்குப் புத்தி போதும் என்று சின்னத்துரை சொல்லிவிட்டாராம். மலைநாட்டுச் சமாசாரத்தைப் புத்தகத்தில் மெடல் கிடைத்தது என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்வாராம். ஆனால் ஜெனரலின் மடியில் பிள்ளையை வைத்தவள் மட்டும் இந்த வீட்டில் இருக்கக்கூடாதாம். துரைசாணி சால்வையை மடித்து வாங்கிக்கொண்டார்கள். "ஊருக்குப் போ" என்றார்கள். நான் அழுதேன், காலைப் பிடித்தேன். "ரூம் காலி பண்ணு" என்றார்கள். தோட்டத்துக்கு வந்திருக்கிற புது ஆள் பெண்டாட்டிக்கும் கைக்குழந்தை இருக்கிறது. அறை அவளுக்கு.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. துரைசாணி சொன்னால் என்ன, துரை கேட்டால் அறையைக் கொடுக்காமலா போவார்கள்? வீடு அவருடையதுதானே. இவனைப் பார்க்காமல் அவரால் இருக்கமுடியாது. அதனால் மூட்டை கட்டுகிற வரைக்கும் தினமும் சாயங்காலம் வேலிக்கு வெளியே, அவர் சன்னலுக்கு நேராகப் போய் நின்றேன். சால்வை இல்லாவிட்டால் என்ன, அவன் அப்பாவின் கம்பளி இருக்கிறதே. துரைசாணி சொல்லிக் கொடுத்த மாதிரியே தலையோடு போர்த்திக்கொண்டு, இவனைத் தூக்கிப் பிடிப்பேன்.

முதல் நாள் எழுந்து நின்றார். கும்பிட்டார். ஜெனரல் அக்கா, நம் மாதிரி ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். மறுநாள் திரையை இழுத்துவிட்டிருந்தது. நான் போகவில்லை, மழையிலேயே நின்றேன். கடைசியில் திரை ஓரம் விலகியது, ஒரு கண் தெரிந்தது. நேற்றைக்கு நாற்காலியில் ஆளைக் காணோம். கூர்ந்து பார்த்தால், மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்! தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொள்வார், மெல்ல எட்டிப் பார்ப்பார், எங்களைப் பார்த்ததும் மறுபடி ஒளிந்துகொள்வார். இந்த வயசில் என் பிள்ளையோடு கண்ணாமூச்சி விளையாடுகிறார் அக்கா. இவனும் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. இருட்டுகிற வரைக்கும் விளையாட விட்டேன். அப்பனை முழுங்கினவன் என்கிறார்களே, அவள் வந்து பார்க்கட்டும் இதை.

ஏன் அக்கா, அவன் கனமாக இருக்கிறானா? இப்படிக் கொடுங்கள்.

மரத்தை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, டிரைவர் ஏறிவிட்டார். காரமடையில் கொஞ்ச நாள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். கார்த்திகை பிறந்ததும் திரும்ப மலை ஏறிவிடுவேன். இவனுக்கு அதற்குள் நடை வந்துவிடும், இப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்தத் தடவை வேலியோடு நிற்கப் போவதில்லை. கம்பளியை இவனுக்கே போர்த்தி உள்ளே விட்டுவிடுவேன். தோட்டத்தில் நடந்து போய் அந்தச் சன்னல் கண்ணாடியை இவனே தன் கையால் தட்டட்டும்.